தொட்டா நின்னுபோகும்

மலைக்கோட்டைப் பாறையில பட்ட வெயிலு பாதி திரும்பி எங்க மேலதான் உழுகும், அதனால சங்ககிரியில மத்த வீதிக்கெல்லாம் ஒரு வெயிலுன்னா எங்க செல்லாண்டியம்மன் கோயில் வீதிக்கு ரெண்டு வெயிலு, அந்த ரெண்டு வெயிலுலயும் வெந்துக்கிட்டு லாரி ஓட்டுனவன், லாரி ஓட்டறவன், லாரி வாங்கிக் கெட்டவன், லாரிக்குப் பாடி கட்டறவன்னு இருக்கற சனத்துக்கு நடுவுல மாவு மில்லு வச்சிருக்கறவ நான் ஒருத்திதான். மில்லக்கான்னு கூப்புடுவாங்க. கூப்புட்டுக் கூப்புட்டு என்ற சொந்தப் பேரு எனக்கே மறந்து போச்சு, அது கெடக்குது உடுங்க. நான் சொல்ல வந்தது எதுத்த ஊட்டு மரகதத்தோட காரப் பத்தி.

அதுக்கு முந்தி எங்க வீதியோட மொறை ஒண்ணச் சொல்லிப்போடறேன். எந்த வண்டியானாலும் தொட்டுக் கும்புட்டுத்தான் எடுக்கணும். ஸ்டேரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்காம சாவியத் திருப்புனவன் எங்க வீதியில பொறக்கவே இல்ல. சைக்கிளுக்குக் கூட அந்த மரியாதைதான், நானே மில்லு மோட்டாருக்கு சுவிட்சப் போடறதுக்கு முந்தி பெல்ட்டுச் சக்கரத்த ஒருக்காத் தொட்டுக் கும்புட்டுக்குவேன், அத மறந்த அன்னைக்கு மாவு கொரகொரன்னுதான் வரும், வேணும்னா வந்து பாருங்க.

மரகதத்தோட ஊட்டுக்காரரு குழந்தைவேலண்ணன் நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டுனவரு. அஸ்ஸாம் வரைக்கும் போயி வந்த மனுசன், அவரு போன் பேசுனா அந்தப் பக்கம் போனே வேண்டியதில்ல, அத்தன சத்தம். போன வருசம் தை மாசம் ஒரு நா வெடியால பல்லு வெளக்கிக்கிட்டு நின்னவரு அப்படியே சாஞ்சாரு. வலது கையும் காலும் உழுந்துபோச்சு, அதோட பேச்சும் போச்சு. அந்தச் சத்தம் நின்ன நாளுல இருந்து வீதியே காது அடச்சாப்பல இருந்துச்சு.

ஓசூர்ல வேலையில இருக்கற மக கவின்மலரு, அப்பாவ சேலத்துக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுக்குன்னு ஒரு புதுக் கார வாங்கி ஊட்டு முன்னால நிறுத்திப்போட்டுப் போச்சு. வீதி பூரா டிரைவருங்க, நான் ஓட்டறேன், நான் ஓட்டறேன்னு வரிசையில நின்னாங்க. மரகதம் ஒருத்தனையும் வேண்டாம்னுட்டா. "அடுத்தவன் கை எத்தன நாளைக்குங்க்கா?"ன்னு சொல்லிப்போட்டு, தலை நரைச்ச காலத்துல டிரைவிங் ஸ்கூலுக்குப் போயி, காலேஜ் புள்ளைகளோட வரிசையில நின்னு எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்குனா. அவ புடிச்சா அப்படித்தான், உடும்புப்புடி.

அந்தக் காருல ரிமோட்டு ஸ்டார்ட்டுன்னு ஒரு சங்கதி. "உள்ள இருந்தே பட்டன அமுக்கும்மா, வண்டி தானா ஸ்டார்ட் ஆயி ஏ.சி. ஓடிக்கிட்டு இருக்கும், அப்பா ஏறயில சிலுசிலுன்னு இருக்கும்"னு புள்ள ஆசையாச் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு. ஆனா அது பண்ணுன அக்குறும்பு இருக்குதே, ஆண்டவா! பூட்டு பட்டன ரெண்டு தரம் தட்டி மூணாவது தரம் அமுக்கிப் புடிக்கணும். ஒரு கண்ணாடி ஒரு விரக்கடை எறங்கியிருந்தாக் கேக்காது. பானெட்டு சரியா மூடலைன்னாக் கேக்காது. ஊட்டுக்குள்ள முன்கூடத்து ஆசாரத்துல நின்னு அமுக்குனா எட்டாது, வாசப்படிக்கு வந்தா எட்டும், சில நேரம் அதுவும் எட்டாது, அப்ப மரகதம் நடுவீதியில வந்து, சாமிக்குத் தீவாரணை காட்டறாப்பல ரிமோட்டத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பா. எட்டுனாலும் பத்து நிமிசந்தான், பொறகு தானா நின்னுக்கும். மறுக்கா ஒரு தரம் அமுக்கலாம், அதுக்கு மேல ஆவாது, நேர்ல போயி உக்காந்து கிளச்ச மிதிச்சு எடுத்து ஒரு ரவுண்டு ஓட்டுனாத்தான் மறுபடி ரிமோட்டு பேச்சக் கேக்கும்.

இதெல்லாங்கூடப் போவுதுங்க. கதவத் தொறந்தா நின்னுபோகும் பாருங்க, அதுதான் பெரிய கூத்து. ரெண்டு வெயிலுல வெந்த கார பத்து நிமிசம் ஆற உட்டு, நானும் அவளும் ஆளுக்கொரு தோளாத் தாங்கி அண்ணன வாசலுக்குக் கொண்டாந்து, கதவத் தொறந்தா மடார்னு எஞ்சினு நிக்கும். அவர உள்ள உக்கார வச்சு, காலத் தூக்கி உள்ள போட்டு, பெல்ட்டு மாட்டறதுக்குள்ள உள்ளுக்குள்ள அனலு ஏறிப்போயிரும். அந்த மனுசன் வாயில்லாம வேத்து வழிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்தா எனக்கு அந்தக் காரத் தூக்கிக் கெணத்துல போடலாம்னு ஆத்தரமா வரும். "தொட்டுக் கும்புடாம எடுக்கற வண்டி வேற எப்படி இருக்கும்?"னு எதுத்தாப்பல இருந்து சென்னியப்பன் சொல்லுவான்.

இந்தச் சென்னியப்பனும் அவன் தம்பி நல்லசாமியும் சேந்து வச்சிருந்த லாரி ஒண்ணு, எஞ்சினு ஜாமாயி எங்க வீதியிலயே நின்னுக்கிட்டிருந்துச்சு. ஆயிலு பாக்காம உட்டது அண்ணனா தம்பியான்னு வந்த சண்டையில ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு பல வருசம். ஒரே காம்பவுண்டுல ரெண்டு ஊடு, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். லாரி மேல கோவக்கொடி படந்து பூவும் பூத்திருச்சு.

வைகாசி மாசம் ஒரு நா காலைல, ஆசுபத்திரிக்குக் கெளம்பறதுக்கோசரம் மரகதம் வாசப்படியில நின்னு ரெண்டு தரம் தட்டி மூணாவது தரம் அமுக்கிப் புடிச்சா. காரு அசையல. பின்னால ஆசாரத்துல நாற்காலியில சாஞ்சு கெடந்த குழந்தைவேலண்ணன் தொண்டையக் கனைச்சுக்கிட்டு நிமுந்து உக்காந்து, "அம்மிணி, தண்ணி கொண்டா, நாக்கு ஒட்டுது"ன்னாரு. அதே நேரத்துல மில்லுல காயிலு கருகிப் பல மாசமாச் சும்மா கெடந்த என்ற மொளகா மெசினு கடகடன்னு ஓடுச்சு. கோவக்கொடிய அத்துக்கிட்டு லாரி கருகருன்னு பொகையக் கக்கி உறுமுச்சு. வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த சென்னியப்பன் தலையத் திருப்பி, "காப்பி குடிச்சயாடா?"ன்னான். "குடிச்சனுங்ணா, நீங்க?"ன்னான் நல்லசாமி.

எங்க சனத்துக்கு வண்டி ஓடுனா ஏன் ஓடுதுன்னு கேக்கத் தெரியாது, நின்னாத்தான் கேக்கும். அதனால அன்னைக்கு ஏன் எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. என்ன பண்ணுனோமுன்னா, பொறவியில இருந்து பழகுன புத்தி, எல்லாரும் ஓடிப் போயித் தொட்டோம். சென்னியப்பன் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி லாரி பானெட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்துனான், லாரி நின்னுபோச்சு. நான் பெல்ட்டுச் சக்கரத்தத் தொட்டேன், மெசினு நின்னுபோச்சு. மரகதம் தண்ணிச் சொம்ப எடுத்துக்கிட்டு ஓடி, அவரு தாடையத் தாங்கிப் புடிச்சு வாயில ஊத்துனா, அவளோட விரலு பட்டதும் அவரு நின்னுபோனாரு. வாய்த் தண்ணி நெஞ்சுல ஒழுகுச்சு. ஒருத்தன ஒருத்தன் தொடாம தூர நின்னு பேசிக்கிட்டிருந்த அண்ணன் தம்பிதான் மிச்சம். "அம்மா சாகறதுக்கு மொத நா என்னையக் கூப்புட்டு என்ன சொல்லுச்சுன்னா"ன்னு சென்னியப்பன் ஆரம்பிச்சான், பத்து நிமிசம் முடிஞ்சுபோச்சு. வாய மூடிக்கிட்டு பேப்பர எடுத்து மூஞ்சிய மறச்சுக்கிட்டான்.

மரகதம் மறுபடி அமுக்குனா. மறுபடி எல்லாம் ஓடுச்சு. இந்த விசுக்கா ஒருத்தரும் தொடல.

பொறகென்ன, வீதி அதுக்குத் தக்கன மாறிக்கிச்சு. கோயில்ல கூட்டம் போட்டுப் பேசி, காலைல பூசை மணி அடிச்சதும் ஒரு அமுக்கு, பொழுது சாய ஒரு அமுக்குன்னு முடிவு பண்ணுனோம், நடுவுல ரிமோட்டு மறுபடி பேச்சக் கேக்கறதுக்கோசரம் மரகதம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்திருவா. காலைல பாத்தீங்கன்னா நின்னுபோன மிக்ஸி, நின்னுபோன சொவருக்கடியாரம், தையல் மெசினு, டேபிள் பேனு, முட்டை உடறத நிறுத்திப்போட்ட கோழின்னு வீதி ரெண்டு பக்கமும் வரிசையா வச்சிட்டு, அவங்கவங்க கையப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பாங்க, கொழந்தைக கை நீட்டிருமுன்னு துண்டால கட்டி வச்சிருப்பாங்க, பொம்பளைக கைய முந்தானையில சுருட்டிக்குவாங்க, மணி அடிச்சதும் மரகதம் வாசப்படிக்கு வருவா, ரெண்டு தட்டு, ஒரு அமுக்கு, அவ்வளவுதான், வீதி பூரா கடகடன்னு உசுரு வந்து ஓடும். டிரான்ஸ்பார்மர் வரைக்குந்தான் எட்டும், அதுக்கு அக்கட்டால இருக்கறவங்க சாமானத்தத் தூக்கிக்கிட்டு இக்கட்டால வருவாங்க. ஒருத்தன் செத்துப்போன அப்பனோட போட்டோவக் கொண்டாந்து வச்சான், மாலை போட்ட போட்டோ மாலையோட அப்படியே இருந்துச்சு. நின்னதுதான் ஓடும், போனது வராதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டோம்.

பத்து நிமிசத்துக்கு மொளகா மெசினுல எத்தன மொளகா அரைக்க முடியும்னு கேக்காதீங்க. தொடாமக் கொட்டணுமுல்ல? தூர நின்னு மொறத்துல வீசி வீசிப் பாதி மொளகா என்ற கண்ணுக்குள்ளதான் போச்சு. ஆனா சென்னியப்பனும் நல்லசாமியும் மட்டும் ஒரு சாமானும் கொண்டு வர மாட்டாங்க. லாரிக்கு ரெண்டு பக்கமும் நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவாங்க, மொத நாளு எந்த வார்த்தையில நின்னுச்சோ அந்த வார்த்தையில இருந்து ஆரம்பிப்பாங்க.

மரகதத்துக்கும் அந்தப் பத்து நிமிசந்தான். அமுக்குன கையோட ஆசாரத்துக்கு ஓடி அவரு முன்னால ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவா. அவரு சத்தமாப் பேசுவாரு, மில்லு வரைக்கும் கேக்கும். மொட்ட மாடித் தண்ணித் தொட்டிய மூடுனியா, கவினு ஏன் போன் பண்ணல, நீ கியர மாத்தயில கிளச்ச முழுசா மிதிக்க மாட்டேங்கற, நான் பக்கத்துல உக்காந்து பல்லக் கடிச்சுக்கிட்டு வாரேன், இப்படி வாயி ஓயாது. மொதல்ல ரெண்டு நாளு அவ அழுதா. பொறகு சிரிச்சா. பொறகு ஒரு நா அவரு, "கையக் குடு அம்மிணி"ன்னாரு.

அவ குடுக்கல. எப்படிக் குடுப்பா? தொட்டா நின்னுபோகும். ரெண்டு கையையும் முந்தானையில சுத்தி மடியில வச்சு அழுத்திக்கிட்டு, "வேற ஏதாச்சும் பேசுங்க மாமா"ன்னா. அவரு திரும்பவும், "கையக் குடு"ன்னாரு. தெனமும் கேட்டாரு. இக்கட்டால நின்னு கேக்க மாட்டாம நான் மில்லுக்குள்ள போயிருவேன்.

மரகதம் சும்மா இருக்கற ஆளா? சேலத்துல கார் வாங்குன ஷோரூமுக்குப் போனா, என்னையும் கூட்டிக்கிட்டுத்தான் போனா. கழுத்துல டை கட்டுன தம்பி ஒருத்தன் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருந்தான்.

"தம்பி, இந்த ரிமோட்டு பத்து நிமிசத்துல நின்னுபோவுது. ஒரு மணி நேரமாக்கிக் குடு"ன்னா.

"அது கம்பெனி செட்டிங்குங்க மேடம். நாங்க மாத்த முடியாது."

"செரி, கதவத் தொட்டா நிக்குதே, அத மட்டுமாச்சும் எடுத்துப்போடு."

"அது சேஃப்டிங்க மேடம். வேற யாராவது கதவத் தொறந்து ஏறி ஓட்டிக்கிட்டுப் போயிடக் கூடாதுல்ல? திருட்டுக்காகத்தான்."

"என்ற புருசன எவன் தம்பி திருடிக்கிட்டுப் போவான்?"

அந்தத் தம்பி என்னையப் பாத்தான். நான் அவளோட ஆளு, நேராப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். "மேடம், கம்ப்ளெயின்ட்டு என்னங்க, ரிமோட்டுல வண்டி ஸ்டார்ட் ஆகறதில்லயா?"ன்னான்.

"வண்டி ஆவறதில்ல. அவரு ஆவறாரு."

"சாஃப்ட்வேர் அப்டேட்டு வந்தாச் சொல்றங்க மேடம். இப்பத்திக்கு வாட்டர் வாஷ் பண்ணிக் குடுத்தர்றோம்"னான். பண்ணியும் குடுத்தான், காரு பளபளன்னு இருந்துச்சு. மரகதம் அடுத்த வாரமும் போனா, அதுக்கடுத்த வாரமும் போனா, மேனேசரப் பாத்தா, மேனேசருக்கு மேனேசரு வரைக்கும் போனுல பேசுனா. எல்லாரும் சேஃப்டின்னாங்க, ஒவ்வொரு விசுக்காவும் வாட்டர் வாஷ் பண்ணுனாங்க. சங்ககிரியிலயே சுத்தமான காரு அதுதான்.

ஆடி பொறக்கறதுக்கு முந்தி, பிசியோதெரபி பண்ற புள்ள ஒருநா அண்ணனோட வலது கையத் தூக்கிப் பாத்துட்டு, "அம்மா, போன தடவ இந்தக் கட்டவிரல் என் கையத் தள்ளுச்சு. இன்னைக்குத் தள்ளல. வீட்டுல தினமும் கைய நீவிக் குடுத்து மடக்கி நீட்டச் சொன்னேனே, செய்யறீங்களா?"ன்னு கேட்டுச்சு. மரகதம் ரெண்டு கையையும் முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டா. நான் நெனச்சுப் பாத்தேன். பேச்சு வர்றதுக்கு முந்தி அந்த மனுசன் காப்பியில சர்க்கரை கம்மின்னா "ம்ம்ம்"னு உறுமுவாரு, மரகதம் கைய நீவயில விரலு நெளியும், நானே கண்ணால பாத்திருக்கறேன். ரிமோட்டுல பேச ஆரம்பிச்ச பொறகு அந்த உறுமலு இல்ல, பத்து நிமிசம் முடிஞ்சா நனைஞ்ச சாக்காட்டம் கெடந்தாரு. இவளும், தொட்டா நின்னுபோகும்னு பயந்து பயந்து, பத்து நிமிசத்துல தொடாதவ, காருல ஏத்தி எறக்கறது போக மிச்ச நேரத்துலயும் தொடறத உட்டுப்போட்டா. சோறு ஊட்டறதுக்கு நீளமா ஒரு கரண்டி வாங்கி வச்சிருந்தா பாருங்க.

வீதிக்கு வந்து சொன்னதும் நல்லசாமி, "நின்ன எடத்துலயே பத்துப் பத்து நிமிசமா ஓட்டி நிறுத்துனா எந்த வண்டிக்கும் பேட்டரி எறங்கத்தானுங்க்கா செய்யும், ரோட்டுல ஓடுனாத்தான் ஏறும்"னான். அது எங்க வீதியில தொட்டில்ல கெடக்கற கொழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தரும் ரிமோட்ட நிறுத்தச் சொல்லல, நல்லசாமி கூடச் சொல்லல. அவனுக்கு அண்ணன் பேச்சு வேணும், எனக்கு மொளகா மெசினு வேணும்.

அன்னைக்குப் பொழுது சாய மரகதம் அமுக்குனா. நான் மில்ல உட்டுப்போட்டு அவ ஆசாரத்துக் கதவுகிட்டப் போயி நின்னேன். அவ ஸ்டூல்ல உக்காந்து, "மாமா, இந்தப் பத்து நிமிசம் வேணுமுங்களா, வேண்டாமுங்களா? நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டா.

குழந்தைவேலண்ணன் அந்த ஒரு தரந்தான் மெதுவாப் பேசுனாரு. "நல்லாத்தான் இருக்குது அம்மிணி. உன்னையத் திட்டி எத்தன நாளாச்சு. ஆனா மிச்ச நேரமெல்லாம் நான் உள்ளுக்குள்ள இருந்து கதவத் தட்டிக்கிட்டே கெடக்கறேன். முந்தியாச்சும் நீ கையத் தொடுவ, எந்தப் பக்கம் கதவுன்னு தெரியும். இப்பத் தெரியறதில்ல."

"தொட்டா நின்னுபோவீங்க மாமா."

"நின்னா நின்னுட்டுப் போவுது. நீ கதவத் தொற."

அவ முந்தானையில இருந்து ரெண்டு கையையும் எடுத்தா. அவரோட வலது கையப் புடிச்சா. அவரு நின்னுபோனாரு. அவ கையை உடல, புடிச்சுக்கிட்டே வாய் உட்டு அழுதா, நான் போயி அவ தோளப் புடிச்சுக்கிட்டேன். வெளிய பத்து நிமிசம் முடியற வரைக்கும் வீதி கடகடன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு.

மறுநா காலைல பூசை மணி அடிச்சுது. சனம் கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க. மரகதம் வாசப்படிக்கு வந்தா, ரிமோட்டப் பொளந்து, உள்ள பொட்டாட்டம் இருந்த பேட்டரிச் செல்ல எடுத்து எல்லாரும் பாக்கறாப்பல காட்டுனா, சாக்கடையில போட்டா.

அப்புறம் பாக்கணுமே வீதிய! நன்றி கெட்டவங்கறாங்க, திமிரு புடிச்சவங்கறாங்க, கோழி வச்சிருந்தவ மண்ண வாரித் தூத்துனா. எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு, மெசினுல பாதி மொளகா கெடந்துச்சு. சென்னியப்பன் மட்டும் திட்டாமக் கையெடுத்துக் கும்புட்டு, "மரகதம், எங்கம்மா கடைசியாச் சொன்னத அவன்கிட்டச் சொல்லி முடிக்கலையே, இன்னும் ஒரே ஒரு தரம்"னான்.

"தம்பி நாலு எட்டுல நிக்கறாருங்ணா. போயிச் சொல்லுங்க. என்ற ஊட்டுக்காரரு பேட்டரியில நீங்க பேச வேண்டாம்"னு சொல்லிப்போட்டு உள்ள போயிட்டா.

சென்னியப்பன் நின்னான். நல்லசாமியும் நின்னான். பொறகு சென்னியப்பன் நாலு எட்டு வச்சுப் போயி, "ஆயிலு நீதான்டா பாக்கல"ன்னான். "நானா? நீங்கதானுங்ணா!"ன்னான் நல்லசாமி. அன்னைக்கு ஆரம்பிச்ச சண்ட இன்னும் ஓயல. நாங்க போயி வெலக்கவும் இல்ல. சண்டைக்கு நடுவுலயே அம்மா சொன்னதும் வந்திருச்சு போல, ஒரு நா ரெண்டு பேரும் லாரிக்குப் பின்னால உக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டிருந்தாங்க.

ஆடி, ஆவணி, பொரட்டாசின்னு மாசம் போச்சு, மரகதம் உடல. வெடியால எந்திரிச்சா மொதல்ல அவரு கைய நல்லெண்ண போட்டு நீவுவா, விரலு விரலா மடக்கி நீட்டுவா, காலத் தூக்கித் தூக்கி எறக்குவா, வாயில "அ சொல்லுங்க மாமா, ஆ சொல்லுங்க மாமா"ன்னு வீதிக்கே கேக்கறாப்பல கத்துவா. ஐப்பசி மழையில கரண்ட்டு போனாலும் இருட்டுல அந்த அ ஆ கேக்கும். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒரு நா, "அவ்வளவுதான் போல அம்மிணி, ரிமோட்டுக்கு வேற செல்லு போட்டுப் பாக்கலாமா?"ன்னு நானே மனசு கேக்காமக் கேட்டேன். "தள்ளி ஸ்டார்ட் பண்ற வண்டிய பாதி மேட்டுல உடறதுங்களாக்கா?"ன்னா.

செல்லு செத்த ரிமோட்டோட அந்தக் கார எடுக்கறதுக்கு ஒரு வழி இருந்துச்சு. ரிமோட்டுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கற சின்னச் சாவிய உருவி, கையால கதவத் தொறக்கணும். உள்ள உக்காந்து, செத்த ரிமோட்ட ஸ்டார்ட் பட்டன்ல தொட்டு வச்சு அழுத்தணும். தொட்டாத்தான் எடுக்கும். சென்னியப்பன் அதக் கேட்டுட்டு, "இப்பத்தான்டா அது வண்டி"ன்னான்.

ஆசுபத்திரிக்குப் போற நாளெல்லாம் மரகதம் அப்படித்தான் எடுப்பா. ஸ்டேரிங்கத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவா. பொறகு பக்கத்து சீட்டுல இருக்கற அவரோட வலது கைய எடுத்து, அதையும் கண்ணுல ஒத்திக்குவா. "போலாமுங்களா மாமா?"ன்னு கேப்பா. பதில் வராது. ஆனாலும் ஒரு லாரி முந்திப் போற நேரம் காத்திருந்துட்டுத்தான் பட்டனத் தொடுவா.

பங்குனி வந்துச்சு, ரெண்டு வெயிலும் வந்துச்சு. அன்னைக்கு மில்லுக்கு லீவு உட்டுட்டு நானும் கூடப் போனேன். காரு காலைல இருந்து வெயிலுல நின்னு சீட்டெல்லாம் தோசக்கல்லா இருந்துச்சு, துண்ட விரிக்க மறந்துபோயி அவர அப்படியே உக்கார வச்சிட்டோம். நான் பின்னாடி ஏறிக் கதவச் சாத்துனேன். மரகதம் ஸ்டேரிங்கத் தொட்டுக் கும்புட்டா. அவரு கையை எடுத்துக் கண்ணுல ஒத்துனா. "போலாமுங்களா மாமா?"ன்னா.

அவரு மூஞ்சி கோணுச்சு. ஒதடு ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு மேல போச்சு, கழுத்து நரம்பு பொடச்சுச்சு. என்னமோ ஆவுதுன்னு நான் பயந்து முன்னால எக்கிப் பாத்தேன்.

"சு"ன்னாரு. "சு... சுடுது."

மரகதம் அப்படியே இருந்தா. அவ கைக்குள்ளதான் அவரு கை இருந்துச்சு. உடவும் இல்ல, இறுக்கவும் இல்ல. "என்னங்க?"ன்னு மெதுவாக் கேட்டா.

"சுடுது!"ன்னாரு, அந்தப் பழைய கோவத்தோட. வெளிய டீ குடிச்சுக்கிட்டிருந்த சென்னியப்பன் திரும்பிப் பாத்தான். அவரோட கட்டவிரலு அவ உள்ளங்கையத் தள்ளுச்சு, நான் பாத்தேன். "சுடுது, சுடுது!"

அவ தொட்டுக்கிட்டேதான் இருந்தா, அவரு நிக்கல.

அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு, கிளச்ச முழுசா மிதிச்சு, செத்த ரிமோட்டப் பட்டன்ல வச்சு அமுக்கி, கியரப் போட்டா. டிரான்ஸ்பார்மரத் தாண்டுனோம், பைபாசு ஏறுனோம், டோல்கேட்டுல காசு வாங்கற புள்ளகிட்டயும் அவரு "சுடுது"ன்னு சொன்னாரு, கண்ணுல பட்ட லாரிக்கெல்லாம் சொன்னாரு. பின்னாடி சீட்டுல நான் வெந்து வேத்து, "அடியே, அந்த ஏ.சி.யப் போடுடி!"ன்னு கத்துனேன். மரகதம் சிரிச்சா. சேலம் போயிச் சேர்ற வரைக்கும் அவ ஏ.சி. போடவே இல்ல.